வடக்குப் பாதையும் தனி நடையும்

தனியாக முதுகுப்பையோடு நடைபயணம் போகிறவருக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸும் ஆபத்தில் ஆள் அழைக்கும் கருவியும் அவசியமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதால்தான் பதில் குழம்புகிறது. வழி தவறுவது ஒன்று, விழுந்த இடத்தில் கேட்பாரற்றுக் கிடப்பது வேறொன்று. இலங்கையின் மன்னார்க் கரையிலிருந்து போன பழைய நடைவழியில் மனிதர்களைக் கொன்றது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறிய கூலியாட்கள் தலைமன்னாரிலும் அயல் கரைகளிலும் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். பெரும்பகுதி வறண்ட காடு. வடக்குப் பாதை என்று பெயர் பெற்ற அந்த வழியை யாரும் தேடவேண்டியிருக்கவில்லை. முன்னே போனவர்களின் தடம் கிடந்தது, ஆட்களை அழைத்துப் போன கங்காணிக்கு ஒவ்வொரு தங்கலும் தெரியும். ஆனாலும் கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் தண்ணீரின்றியும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1841 முதல் 1848 வரை எழுபதாயிரம் பேர் மாண்டதாக அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகைக் கணிப்பொன்று உண்டு. அது மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் சாவுகள் ஏராளம் என்பதை மறுக்கவில்லை. நோயாளியைச் சுமந்தால் கூட்டம் பிந்தும், பிந்தினால் கையிலிருக்கும் அரிசி போதாது. அதனால் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டார். பிற்காலத்தில் அந்தப் பாதையோரம் அமைத்தவையும் கிணறுகள், தங்குமடங்கள், மருத்துவமனைகளே.

அவர்கள் வறுமையால் நடந்தவர்கள், விருப்பத்துக்கு நடக்கிற இன்றைய பயணியோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயிற்றுக்கு இல்லாததும் கடனும் அவர்களைக் கொன்றதில் பங்குகொண்டன; பையில் உணவும் பணமும் உள்ளவருக்கு அந்த நிலை இல்லை. ஆனால் கூட்டமாகப் போனவர்களுக்கே விழுந்தபின் துணை இல்லையென்றால், தனியே போகிறவருக்கு விழுந்த செய்தி வெளியே போவதற்கே ஒரு வழி வேண்டும்.

இன்றைய தனி நடைக்கு வெள்ளாங்குளம் என்ற ஊரை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். அது அந்தப் பழைய பாதையில் இல்லை; அதற்கு வடக்கே, மன்னார் – பூநகரி வீதியில் இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வழியே மன்னாருக்கு வருவது எளிதாயிற்று. வீதியோடு நடப்பவருக்கு ஜிபிஎஸ் பெரிய தேவையில்லை. வீதியை விட்டுக் காட்டுக்குள் திரும்பினால் அது தவறான தைரியமும் தரக்கூடும்: திரையில் தெரியும் ஒற்றையடிப் பாதை கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலத்தில்தான் போகிறதா என்பதை அது சொல்லாது. போர் நடந்த நிலம் இது. வடக்கில் அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. எந்தப் பாதையில் போகலாம் என்பதை ஊரவரிடம்தான் கேட்கவேண்டும்.

அவசரக் கருவி பயணியை அசட்டையாக்கும் என்பாரும் உண்டு. சிலரை ஆக்கலாம். அதற்காகக் கால் முறிந்தவரிடம் அதைப் பறிக்க நியாயமில்லை. ஆனால் அந்தக் கருவியும் செய்தியைத்தான் அனுப்பும். தூக்கிச் செல்ல ஆட்கள் வரவேண்டும். 1990 என்ற எண்ணில் இயங்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் வடக்குக்கு வந்ததே 2018இல்தான். காட்டுப்பக்கம் தனியே போகிறவர், கருவி வாங்க முடியாவிட்டாலும், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வெள்ளாங்குளத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும்.