கொலைக்களத்தின் முன்கூடம்

பாரிஸ் நகரின் நடுவே ஓடும் ஸீன் நதிக்குள் ஒரு தீவு. தீவின் கரையிலே, வட்டக் கோபுரங்களோடு ஒரு பழைய கட்டடம். கான்சியர்ஜரி என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் அது பிரெஞ்சு அரசர்களின் அரண்மனையாக இருந்தது. அரசர்கள் வேறு மாளிகைக்குக் குடிபோன பிறகு, நீதிமன்றமும் சிறைச்சாலையும் அங்கே குடியேறின.

1793-இல் அங்கே புரட்சி நீதிமன்றம் கூடியது. மாடியில் விசாரணை, கீழே சிறை. தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. "கொலைக்களத்தின் முன்கூடம்" என்று அந்தச் சிறைக்குப் பெயர் வந்ததில் வியப்பென்ன?

சமத்துவம் பேசிய புரட்சிதான், ஆனாலும், காசு கொடுத்தவனுக்குக் கட்டில் கிடைத்தது, இல்லாதவனுக்கு வைக்கோல்! பெண்கள் முற்றத்தில் ஒரு நீர்த்தொட்டி இருந்தது. நாளை உயிரோடிருப்போமா என்று அறியாத பெண்கள் அங்கே துணி துவைத்தார்கள். அந்தத் தொட்டியை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1793 ஆகஸ்டு 2-ஆம் தேதி, விடியுமுன், ராணி மேரி அண்டாய்னெட்டை அங்கே கொண்டுவந்தார்கள். கணவர் பதினாறாம் லூயி அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே தலை இழந்துவிட்டார். ராணியின் அறையிலேயே காவலர்கள். இடையில் ஒரு தட்டி மட்டுந்தான். அக்டோபர் 16-ஆம் தேதி அதிகாலையில் தீர்ப்புக் கேட்டுத் திரும்பியவள், நாத்தனாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். "எங்கள் சாவுக்கு மகன் பழிவாங்க முற்படக் கூடாது" என்பது அதில் ஒரு செய்தி. நண்பகல் வேளையில் அவள் தலை விழுந்தது. கடிதம் நாத்தனாரிடம் போய்ச் சேரவே இல்லை. அடுத்த மே மாதம் அவளும் கில்லட்டினுக்குப் பலியானாள்.

அந்த நீதிமன்றத்தை அமைக்க வேண்டுமென்று முழங்கியவர் டாண்டன். 1794 ஏப்ரல் 5-ஆம் தேதி அதே சிறையிலிருந்து அவரை வண்டியேற்றினார்கள். அவரை அனுப்பிவைத்த ராபஸ்பியர், ஜூலை 28-ஆம் தேதி, உடைந்த தாடையோடு அங்கே சில மணி நேரம் கிடந்து, அன்றைக்கே கொலைக்களம் சென்றார். இத்தனை பேருக்கும் மரணம் கேட்டு வாதாடிய அரசாங்க வக்கீல் பூக்கியே டின்வில்? 1795 மே மாதம் அவர் முறையும் வந்தது!

நான் கதையில் இப்படி எழுதினால், "நம்பும்படி இல்லையே, ஐயா!" என்பீர்கள். சரித்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கான்சியர்ஜரியில் 1934 வரை கைதிகள் இருந்தார்கள். இன்று அது காட்சிசாலை. சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம், திரும்பியும் வரலாம். பழிவாங்காதே என்று ஒரு தாய் எழுதியது அங்கேதான். அது உரியவர் கைக்கு எட்டவில்லை. நம் கைக்காவது எட்டியிருக்கிறதா?