ஆத்துப்பாக்கத்தில் ஐந்து நாள் தள்ளி ஏறிய கொடி

"ரிசர்வேஷன்ல ஜெயிச்ச அம்மாவுக்கு என்னங்க தெரியும், எல்லாம் வீட்டுக்காரர்தான் பார்ப்பாரு." இந்தப் பேச்சைக் கேட்காதவங்க நம்மில் குறைவு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, ஊராட்சிகளில் இரண்டு பெண்களை நியமனமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அவ்வளவுதான். 1993 ஏப்ரல் 24-ல் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் தலைவர் பதவி உட்பட மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குச் சட்டப்படி கிடைத்தது. அதன்படி தமிழ்நாட்டில் முதல் தேர்தல் 1996-ல். 2016-ல் அது 50 சதவீதம் ஆனது. அந்தக் கணக்கில் கிராமங்கள் ஓட்டுப் போட்டது 2019 டிசம்பரில்.

அந்தத் தேர்தலில், சிப்காட் ஆலைகள் இருக்கும் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில் அமிர்தம் என்ற பட்டியலினப் பெண் தலைவரானார். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, ஆகஸ்ட் 20 அன்று அப்போதைய கலெக்டர் மகேஸ்வரி ரவிக்குமார் நேரில் வந்து நின்ற பிறகுதான் அமிர்தம் கொடியேற்றினார்.

கொடிக்கயிற்றை இழுக்க என்னங்க நிர்வாக அனுபவம் வேணும்? "அவங்களுக்குத் தெரியாது" என்ற சாக்கே இங்கே செல்லாது. பெண் என்பதோடு சாதியும் சேர்ந்து நின்ற இடம் இது.

கணவர் ஆட்சி பல ஊர்ல உண்மைதான், மறுக்கல. ஆனா இந்த அபிப்பிராயம் மாறுமா? மேற்கு வங்கத்தில் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. எந்த ஊராட்சிக்கு ஒதுக்கீடு என்பது அங்கே கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரி. டாக்டர்கள் கேட்கும் மருந்துப் பரிசோதனைக்குப் பக்கத்துல வருது. எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஊராருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்க்காத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. இரண்டு தேர்தல் தொடர்ந்து ஒதுக்கிய இடங்களில், பிறகு ஒதுக்கீடு இல்லாத பொது இடங்களிலும் பெண்கள் அதிகம் நின்றார்கள், ஜெயித்தார்கள். ஆனா "எனக்கு ஆண் தலைவர்தான் பிடிக்கும்" என்பது மட்டும் மாறல! 2009-ல் வெளியான ஆய்வு இது.

ஆத்துப்பாக்கம் வாக்களித்த அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. உங்க ஊராட்சியில் அப்போ தலைவியா இருந்தவங்க பேர் என்ன? வீட்டுக்காரர் பேர் வேண்டாம், அவங்க பேர். கமென்ட்ல சொல்லுங்க.