பழைய பிக்கப் டிரக் ஸ்டீயரிங் வீல்: புதுசு மாத்தணுமா, பழசையே சரி பண்ணலாமா? முழு விவரம்

அமெரிக்காவில் 1960, 70-களில் ஓடிய ஃபோர்டு எஃப்-100, செவ்ரோலெட் சி-10 மாதிரியான பிக்கப் டிரக்குகளுக்கு இன்றைக்கும் தனி ரசிகர் கூட்டம் இருக்கு. இன்ஜின் வேலை, பெயின்ட், சீட் எல்லாம் முடிச்ச பிறகும் பல வண்டிகளில் மிச்சம் நிற்பது ஒன்றுதான்: வெடிப்பு விட்ட ஸ்டீயரிங் வீல்.

அதைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் திருப்பி மாட்டும்போது ஒரு நட் சரியாக இறுகவில்லை என்றால், ஓடும் வண்டியில் வீல் கையோடு வந்துவிடும். அதனால் இது அழகு சம்பந்தப்பட்ட வேலை மட்டும் இல்லை.

வீல் ஏன் வெடிக்குது?

உள்ளே இருப்பது இரும்பு வளையம். அதன் மேல் பிளாஸ்டிக் அல்லது கெட்டி ரப்பரை வார்த்திருப்பார்கள். வெயிலில் இரும்பு ஒரு அளவுக்கு விரியும், பிளாஸ்டிக் வேறு அளவுக்கு விரியும். வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் சுருங்கவும் செய்யும். உள்ளே இருக்கும் இரும்பு சுருங்க விடாது என்பதால், கடைசியில் பிளாஸ்டிக் பிளந்துகொள்கிறது. வளையமும் கம்பியும் சேரும் இடம், நடுவில் இருக்கும் குடம், இந்த இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் முதல் வெடிப்பு வரும். அதன் வழியாக ஈரம் இறங்கி இரும்பு துருப்பிடிக்கும். துரு உப்பும்போது வெடிப்பு இன்னும் அகலமாகும்.

எதை வைத்து முடிவு செய்வது?

பிளாஸ்டிக் மட்டும் வெடித்திருந்தால் தாராளமாகச் சரி செய்யலாம். இரும்பு வளைந்திருந்தாலோ, துரு தின்று மெலிந்திருந்தாலோ, குடத்தின் உள்ளே இருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்திருந்தாலோ அந்த வீலைத் தூக்கிப் போடுவதே நல்லது. இந்த இரண்டு டிரக்குகளுக்கும் பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்த வீல்கள் கிடைக்கின்றன.

சின்ன சைஸ் ஸ்போர்ட்ஸ் வீல் போடலாமே என்று பலருக்கும் ஆசை வரும். அங்கேதான் யோசிக்க வேணும். அந்தக் கால டிரக்குகளில் வீல் சுமார் 17 அங்குலம் அகலமாக இருந்ததற்குக் காரணம் இருக்கு. பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. 17 அங்குலத்தை எடுத்துவிட்டு 14 அங்குல வீல் போட்டால், அதே திருப்பத்துக்கு ஏறக்குறைய 21 சதவீதம் கூடுதலாகக் கை பலம் கொடுக்கணும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை பார்க்கிங்கில் திருப்பும்போது இது நன்றாகவே தெரியும்.

வேறு வீல் போட்டால் அடாப்டரும் தேவைப்படும். ஃபோர்டு, செவ்ரோலெட் இரண்டுக்கும் ஸ்ப்ளைன் ஒன்றல்ல. ஒரே கம்பெனியிலும் வருஷத்தைப் பொறுத்து மாறும். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் அமைப்பு அந்த அடாப்டரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கும்போது இதை மறந்துவிடுவது சகஜம்.

கழற்றுவது எப்படி?

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுவது. பழைய டிரக்குகள் பலவற்றில் சாவி போடாவிட்டாலும் ஹாரனுக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். சக்கரங்கள் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹாரன் பட்டன். ஃபோர்டில் பொதுவாக அழுத்தி இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். செவ்ரோலெட்டில் மெதுவாக நெம்பினால் மூடி வந்துவிடும். அடியில் ஸ்பிரிங், வாஷர் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றாக எடுக்கும்போதே போனில் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது வரிசை மாறினால் ஹாரன் அடிக்காது, இல்லை என்றால் நிற்காமல் அடிக்கும்.

நடுவில் தெரியும் நட்டை முழுசாகக் கழற்ற வேண்டாம். தளர்த்திவிட்டு இரண்டு மூன்று மரையில் அப்படியே நிற்கட்டும். பல வருஷம் இறுகிக் கிடந்த வீல் திடீரென்று விடுபடும்போது முகத்தில் வந்து அடிக்காமல் இந்த நட் தடுக்கும். வீலும் தண்டும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதற்கு இரண்டிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டீயரிங் புல்லர். வீலில் இருக்கும் இரண்டு மரைத் துளைகளில் அதன் போல்ட்களைப் பொருத்தி, நடுத் திருகை இறுக்கினால் வீல் மேலே எழும்பும். போல்ட்களை ரொம்ப ஆழமாக இறக்கினால் அடியில் இருக்கும் இண்டிகேட்டர் சுவிட்ச் உடைந்துவிடும். சுத்தியலால் தட்டிக் கழற்றுவது கூடவே கூடாது. தண்டின் மரை கெடும், பேரிங் அடிபடும். விபத்தில் மடங்கும்படி செய்யப்பட்ட ஸ்டீயரிங் காலமாக இருந்தால் அதுவே சேதமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்னது எல்லாம் ஏர்பேக் இல்லாத வண்டிக்கு மட்டும். 1990-களின் நடுவில் இருந்து வந்த டிரக்குகளில் வீலுக்குள் ஏர்பேக் இருக்கும். அதில் வீட்டில் கை வைக்காதீர்கள்.

வெடிப்பை அடைப்பது

வெடிப்பின் மேல் அப்படியே பட்டி தடவினால் சில மாதங்களில் திரும்பப் பிளக்கும். முதலில் அதை இரும்பு தெரியும் வரை ‘வி’ வடிவில் அறுத்துத் திறக்கணும். மனசு வராது, ஆனால் வேறு வழி இல்லை. உள்ளே இருக்கும் துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்சியை மேலே கொஞ்சம் உப்பலாக நிற்கும்படி நிரப்புங்கள். பாடி வேலைக்குப் பயன்படுத்தும் சாதாரண பட்டி, கை அழுத்தத்துக்கு உடையும். எபாக்சிதான் தாங்கும்.

ஒரு நாள் காயவிட்டு 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, 220, 400 என்று இழைக்கலாம். விரல் பிடிக்கும் பள்ளங்களுக்கு அரை வட்ட அரம் உதவும். ஒரே தடவையில் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரைமர் அடித்ததும் சின்னச் சின்ன குழிகள் தெரியும், மறுபடி நிரப்பி இழைக்கணும். இழைக்கும்போது மாஸ்க் கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

ஹார்டனர் கலக்கும் யூரித்தேன் பெயின்ட் நன்றாக உழைக்கும். ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. பெயின்ட் பூத் இருக்கும் கடையில் கொடுத்து அடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

திரும்ப மாட்டும்போது

கோட்டைச் சேர்த்து வீலை உட்கார வைத்து, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் நட்டை இறுக்குங்கள். பூட்டு நட்டாக இருந்தால் புதுசு போடுங்கள். பேட்டரியை இணைத்து, வீலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயும் உரசக்கூடாது, ஹாரன் தானாக அடிக்கக்கூடாது, இண்டிகேட்டர் சரியாக அணையணும்.

வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கிறதா? உடனே வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது பலரும் செய்யும் குறுக்கு வழி. ஸ்டீயரிங் பாக்ஸ் அதன் சரியான நடுவில் இருக்கும்போதுதான் ஆட்டம் குறைவாக இருக்கும். கோளாறு கீழே இருக்கும் ராடுகளில் இருந்தால், அதை அங்கே போய்த்தான் சரி செய்யணும். அலைன்மென்ட் பார்ப்பவரிடம் வண்டியைக் காட்டிவிட்டு, அதன் பிறகு ரோட்டில் எடுங்கள்.