எடைக்கல்லும் விசையும்

விசையைக் கண்ணால் காண முடியாது. அது எதையேனும் வளைக்கும்போதும், ஒரு பொருளின் வேகத்தை மாற்றும்போதும், தொங்கும் எடையைத் தாங்கும்போதும்தான் அளவுக்குள் அகப்படுகிறது. இவற்றுள் எடையைக் கொண்டு அளப்பதே பழைய வழக்கம். ஒரு கயிற்றின் இழுவை எவ்வளவு என்பதற்கு, அது தாங்கும் எடைக்கல்லே விடையாக இருந்தது.

அந்த வழக்கத்தின் குறையை 1672இல் ஓர் ஊசல் கடிகாரம் வெளிக்கொணர்ந்தது. பிரெஞ்சு வானியலர் ழான் ரிஷே, நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவிலுள்ள கயேனில் ஆய்வு செய்தார். பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் குறைத்த பிறகே நேரம் சரியானது. காரணம், அங்கே புவியீர்ப்பு சற்றுக் குறைவு. இருதட்டுத் தராசு இதை ஒருநாளும் காட்டியிருக்காது; பொருளின் எடையும் கல்லின் எடையும் ஒன்றுபோலக் குறைந்து, முள் நடுவிலேயே நின்றிருக்கும்.

சுருள்வில்லுக்கு அந்தக் குருட்டுத்தன்மை இல்லை. இழுவிசைக்கு ஏற்ற விகிதத்தில் வில் நீளும் என்பதை ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டு, 1678இல் வெளிப்படையாக விளக்கினார். 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூட்டன், இடத்துக்கு இடம் மாறாத நிறையை மாறும் எடையிலிருந்து பிரித்தார். ரிஷேயின் ஊசலும் அந்நூலில் சான்றாக இடம்பெற்றது. இயக்கத்தில் நேரும் மாற்றமே விசையின் அளவு என்ற நியூட்டனின் விதிதான் விசை அளவீட்டின் உண்மையான திருப்பம்.

அலகுகள் இதற்கு இணங்க நெடுங்காலம் ஆனது. 1873இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் குழு விசைக்கு 'டைன்' என்ற அலகை ஏற்றது. கிலோகிராம் நிறையின் அலகே என்றும், எடை ஒரு விசை என்றும் 1901இல் எடை அளவைகளின் பொது மாநாடு தெளிவுபடுத்தியது. ஒரு கிலோகிராம் நிறைக்கு, ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டும் விசைக்கு 1948இல் 'நியூட்டன்' என்று பெயர் சூட்டப்பட்டது.

விசைமானிகளைச் சரிபார்க்க இன்றும் எடைகளே தொங்கவிடப்படுகின்றன. அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க்கில் உள்ள தேசிய அளவியல் நிறுவனத்தின் பெரிய எந்திரம் 4.45 மெகாநியூட்டன் வரை இவ்வாறு விசையை உண்டாக்கும். எடைகளின் நிறையோடு அவ்விடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தையும் காற்றின் மிதப்பு விசையையும் கணக்கிட்ட பிறகே விசையின் மதிப்பு குறிக்கப்படுகிறது.