பண்டாரம்

தலை வாராமல், சட்டைப் பொத்தான் போடாமல் பள்ளிக்குக் கிளம்பும் பையனைப் பார்த்து, "பண்டாரம் மாதிரி நிக்கிறதப் பாரு" என்பார்கள் எங்கள் பக்கத்துத் தாய்மார். ஆயிரம் ஆண்டுக்கு முன் இதைக் கேட்டவர், பையன் பெரும் பணக்காரன் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். சேரனையும் பாண்டியரையும் வென்று ராஜராஜன் எடுத்துவந்த பொருட்குவியலைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பண்டாரம் என்றே சொல்கின்றன.

பானை பாண்டம் என்கிறோமே, அந்தப் பாண்டம்தான் முதற்பாதி. மறுபாதி ஆகாரம்; சாப்பாடு அல்ல, இல்லம். வடமொழிப் பாண்டாகாரம் பிராகிருத வாயில் தேய்ந்து பண்டாரமாகத் தமிழுக்கு வந்தது. கோயிலில் பொன் இருந்த அறை ஸ்ரீபண்டாரம், ஏடுகள் இருந்த அறை சரஸ்வதி பண்டாரம். அதே சொல் கடல் தாண்டி 'பெண்டஹாரா' ஆகி மலாக்கா சுல்தானின் தலைமை அமைச்சரைக் குறித்தது. இந்தோனேசியாவில் சங்கத்துப் பொருளாளருக்கு இன்றும் அதுதான் பெயர். திருவிதாங்கூரில் அரசு நிலம் 'பண்டாரவகை'. 1865-ல் வந்த பிரகடனம் அந்நிலத்தின் குடியானவர்களுக்கு உரிமை தந்தது.

இப்படிச் செல்வத்தோடே திரிந்த சொல் தமிழில் காவி கட்டிக்கொண்டது. சைவத் துறவி பண்டாரம் ஆனார். ஆதீனத் தலைவர் பண்டார சந்நிதி. திருவாவடுதுறை மரபின் 14 நூல்கள் பண்டார சாத்திரம்.

ஏன் என்று கேட்டால், துறவி சிவஞானத்தின் கருவூலம் அல்லவா என்பார்கள். விளக்கம் அழகாயிருக்கிறது, அந்த அழகுதான் எனக்கு உறுத்துகிறது. கோயில் சரக்கறையைக் காத்தவரை அறையின் பெயராலேயே அழைத்திருப்பார்கள், வெறும் இடவாகுபெயர் என்பது என் கட்சி. பிள்ளைகுட்டி இல்லாதவர், தனக்கென்று சேர்க்காதவர் கையில் சாவி இருந்தால் ஊருக்கு நிம்மதி. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இன்றும் 27 கோயில்கள் இருக்கின்றன.

சாவியே இல்லாமல் ஓடேந்தித் தெருவில் நடந்தவருக்கும் பிறகு அதே பெயர் ஒட்டியது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்து, எல்லாவற்றையும் விட்டுக் கோவணத்தோடு இறங்கிய பட்டினத்தாரின் கதையில் சொல்லின் இரு பொருளும் ஓர் ஆளுக்குள் அடங்கிவிடுகின்றன. பண்டாரத்தை விட்டுப் பண்டாரமானவர்; சமாதி திருவொற்றியூரில். வசவில் துணைக்கு வரும் 'பரதேசி'யும், பாவம், வேற்று நாட்டான் என்ற மரியாதையான பொருளில் தொடங்கிய சொல்தான்.

கேரளக் கோயில்களில் உண்டியலுக்கு இன்றும் பெயர் பண்டாரம்.