மின்கம்பியும் பாலாறும்

மின்சாரக் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். நீரால் இத்தனை யூனிட், நிலக்கரியால் இத்தனை, காற்றால் இத்தனை. தொழிலுக்கு இவ்வளவு, உழவுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியிலே அந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று மோதிய கதை மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

1932-இல் பைக்காரா ஒளி தந்தது. கோவை ஆலைகள் சுழன்றன. 1937-இல் மேட்டூர். காவிரி ஈன்ற மின்சாரம் வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. 1962-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் துணை சேர்ந்தது. பாலாறு தந்தது மின்சாரமன்று, தண்ணீர்.

மின்சாரத்துக்கு முந்தைய தோல் ஷாப்பை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக் குழியிலே இறங்கியவன் யார்? ஆவாரம்பட்டைச் சாற்றிலே தோலைப் புரட்டியவன் யார்? தீண்டத்தகாதவன் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன்! அவன் பதனிட்ட தோல் இலண்டன் சந்தை வரை சென்றது. அவன் ஊர்த் தெருவுக்குள் செல்ல முடியவில்லை. தோலுக்குத் தீட்டில்லையாம், தொட்ட கைக்குத் தீட்டாம்!

மோட்டார் வந்தது, மர டிரம் சுழன்றது, கையின் பாரம் குறைந்தது; மறுப்பதற்கில்லை. 1970-களில் பச்சைத்தோல் ஏற்றுமதியை அரசு தடுத்து, முடித்த தோலையும் செருப்பையும் ஊக்குவித்தது. குரோம் முறை பரவிற்று. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர்! உப்போடும் குரோமோடும் அது மண்ணில் இறங்கிற்று.

அடுத்த வயலிலே உழவனின் பம்புசெட். 1990-இல் அவனுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. (அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை, ஏட்டிலுள்ள உழவுக் கணக்கு அளந்ததன்று, மதிப்பிட்டது.) காசில்லாத மின்சாரம் கிணற்றிலிருந்து ஏற்றித் தந்தது எதை? உப்புநீரை!

வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்சநீதிமன்றம் ஏறிற்று. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழாகிவிட்டது என்று எடுத்துரைத்த 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பு, கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்றது.

கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்ற விதி பின்னர் வந்தது. சவ்வின் வழியே நீரைப் பிழிந்தெடுக்க மின்சாரம் வேண்டும். மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்க வெப்பம் வேண்டும். செலவு தாங்கவில்லை என்கிறார்கள் சிறு முதலாளிகள். பொய்யன்று. ஆனால் முன்பு அதே செலவை உழவனின் கிணறு செலுத்தி வந்தது! வற்றவைத்த உப்போ, கொட்ட இடமின்றிச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளிலே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.