விண்மீன் ஒளியும் குவாண்டம் ஓரியல்பும்: ஒரு கருத்தின் வரலாறு (1956–1977)

மாறாத கட்ட வேறுபாடு கொண்ட அலைகளை வெளிவிடும் மூலங்கள் ஓரியல் மூலங்கள் என்பது பாடநூல் வரையறை. அலைக்கொள்கையின் வழிவந்த இவ்வரையறை, இன்றைய இயற்பியலில் ‘குவாண்டம் ஓரியல்பு’ என வழங்கும் கருத்தை விளக்கப் போதாது. இம்மாற்றத்திற்கு லேசரே காரணம் என்று கருதுவது வழக்கம். எனினும், முதல் லேசர் 1960இல் ஒளிர்வதற்கு முன்னரே விண்மீன்களின் அளவை அறியும் ஒரு முயற்சி இச்சிக்கலைக் கிளப்பிவிட்டது.

அம்முயற்சிக்கு உரியவர்கள் ராபர்ட் ஹான்பரி பிரவுனும் கணித அறிஞர் ரிச்சர்டு டிவிஸ்ஸும் ஆவர். நீலகிரியின் அரவங்காட்டில் 1916இல் பிறந்த ஹான்பரி பிரவுன், ரேடார் பொறியாளராகப் பணியாற்றிப் பின்னர் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலி ஆய்வகத்தில் சேர்ந்தவர். மைக்கல்சன் முறையில் இரு கண்ணாடிகளில் விழும் விண்மீன் ஒளியை ஒன்றுசேர்த்துக் குறுக்கீட்டுப் பட்டைகளைக் காணவேண்டும்; வளிமண்டலத்தின் அலைவு கட்டத்தைக் குலைத்துவிடும். இவ்விருவரும் ஒளியை ஒன்றுசேர்க்கவே இல்லை. தனித்தனியே நின்ற இரு கண்ணாடிகளின் ஒளியுணரிகளில் தோன்றிய மின்னோட்ட ஏற்ற இறக்கங்களை மட்டும் ஒப்பிட்டனர். கண்ணாடிகளாகப் பயன்பட்டவை பழைய ராணுவத் தேடுவிளக்குகளின் எதிரொளிப்பான்கள். சிரியஸ் விண்மீனின் கோண விட்டம் 0.0063 வில்வினாடி என 1956இல் அறிவித்தனர்.

வானொலி அலைகளில் எவரும் ஐயுறாத இம்முறை, ஒளிக்கு வந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஒரு ஃபோட்டான் தன்னோடு மட்டுமே குறுக்கிடும் என்னும் டிராக்கின் கருத்து அன்று வேரூன்றியிருந்தது. அவ்வாறாயின், தனித்தனி உணரிகளை அடையும் இரு ஃபோட்டான்களின் வருகை எவ்வாறு தொடர்புறும்? ஹங்கேரியிலும் கனடாவிலும் நிகழ்ந்த சோதனைகள் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. அச்சோதனைகளின் நுண்ணுணர்வு போதாது என எட்வர்டு பர்செல் 1956இலேயே காட்டினார். போசான்கள் கூடிவரும் இயல்புடையவை என்பதால் இவ்விளைவு குவாண்டம் கொள்கைக்கு முரணன்று, அதன் விளைவே என்றும் விளக்கினார். கனடியச் சோதனை விளைவைக் காண ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஓடவேண்டும் என்று ஹான்பரி பிரவுனும் டிவிஸ்ஸும் கணக்கிட்டனர். எதிர்மறை முடிவு ஒன்றை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

எஞ்சிய வினா பொதுவானது: ஒளியின் ஓரியல்பைக் குவாண்டம் கொள்கையில் எவ்வாறு வரையறுப்பது? ஹார்வர்டின் ராய் கிளாபர் 1963 பிப்ரவரியில் வெளியிட்ட மடலில், லேசர் ஒளியை வெப்ப ஒளியைப் போலக் கருதுதல் பிழை என்று வாதிட்டார். அதே இதழில் ஏப்ரலில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இ. சி. ஜி. சுதர்சன், சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பழைய மாணவர், ஒளியின் எந்தப் புள்ளியியல் நிலையையும் ஓரியல் நிலைகளின் மூலைவிட்ட வடிவில் எழுதலாம் எனக் காட்டினார். கிளாபரின் விரிவான கட்டுரைகள் அதன் பின்னர் வெளிவந்தன. அவற்றில் அவர் அவ்வடிவத்திற்கு ‘பி-உருவகிப்பு’ எனப் பெயரிட்டார். 2005ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பாதி கிளாபருக்கு வழங்கப்பட்டபோது, தம் பங்களிப்பு புறக்கணிக்கப்பட்டதாகச் சுதர்சன் வெளிப்படையாக முறையிட்டார்.

இம்முறையீட்டை வெறும் முந்துரிமைச் சண்டையாகச் சுருக்குவது வரலாற்றுக்கு நியாயமாகாது. மூலைவிட்ட வடிவத்தின் முழுப் பொதுமையை முதலில் அச்சில் நிறுவியவர் சுதர்சன். இதில் அவர் பக்கமே வலுவானது. எல்லா வரிசை ஒட்டுறவுகளும் காரணிகளாகப் பிரிவதே முழு ஓரியல்பு என்னும் வரையறையோ கிளாபருடையது. ‘கிளாபர்–சுதர்சன் உருவகிப்பு’ என்னும் ஆய்வுலக வழக்கு பரிசுக் குழுவைவிட நேர்மையாக நடந்துகொண்டது எனலாம்.

சுதர்சனின் மடல் தன் தலைப்பிலேயே அரைச்செவ்வியல், குவாண்டம் விவரிப்புகளின் சமன்மையைப் பேசியது. கிளாபர் வலியுறுத்தியது வேறு: பி-சார்பு எதிர்மதிப்பும் பெறக்கூடும், ஆகவே அது மெய்யான நிகழ்தகவு அன்று. 1977இல் கிம்பிள், டாகெனே, மாண்டல் ஆகியோர் சோடியம் அணுக்களின் ஒளிர்வை அளந்தபோது ஃபோட்டான்கள் கூடிவராமல் விலகிவந்தன. எந்தச் செவ்வியல் நிகழ்தகவாலும் விளக்க இயலாத ஒளி அது. எனினும் அதை விவரிப்பதற்கும் சுதர்சனின் வடிவமே, எதிர்மதிப்புகளுடன், பயன்படுகிறது.